சாரல் வரும் கணவாயில் ஒரு ரயில் பாதை

மேலநீலிதநல்லூர் வட்டாரத்துக்கு ஆடி மாதம் காற்றுக் காலம், மழைக்காலம் அல்ல. இங்குள்ள மானாவாரிக் காடுகள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே நிறுத்திவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து, ஆரியங்காவு கணவாயாக வழிவிடுகிறது. அந்த வழியாக நுழையும் ஈரக்காற்றுதான் தென்காசி, குற்றாலம் பகுதிக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. ரயிலும் அதே கணவாயில்தான் மலையேறுகிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் பாதை இதுவே. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சங்கரன்கோவில் வழியாக விருதுநகர்-தென்காசி பாதை 1927-இல் வந்தது. மலைப்பகுதியான செங்கோட்டை-புனலூர் 49 கிலோமீட்டர், அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மேலநீலிதநல்லூர்க் குடும்பங்கள் ரயிலேற சங்கரன்கோவில் வரவேண்டும். சென்னை-கொல்லம் விரைவு ரயில் விடியலுக்கு முன்பே கடந்துவிடும். மதுரை-குருவாயூர் ரயில் பகலில் மலையேறுவதால், வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளுக்கு ஏற்றது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் கடையநல்லூர் கடந்து தென்காசி வந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சன்னல் கம்பியில் சாரல் படியத் தொடங்கும்.

செங்கோட்டைக்குப் பிறகு ஏற்றம். கனமான ரயிலைத் தள்ள பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுகிறார்கள். வளைவுகளும் சரிவும் மிகுந்த பாதை என்பதால் வேகம் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கேரளம். காய்ந்த வயல் போய் அடர்காடு தொடங்குகிறது. பாறைச் சரிவெங்கும் நீர் வழிகிறது. கொல்லம் மாவட்ட மலைக்கிராமமான ஆரியங்காவில் ஐயப்பன் கோயிலும், சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் பாலருவியும் உள்ளன. அடுத்து கழுத்துருட்டி அருகே, நெடுஞ்சாலையை ஒட்டிக் கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலத்தை ரயில் கடக்கிறது. பாதை அமைத்த காலத்துப் பாலம் அது. பிறகு தென்மலை.

மழைக்காலப் பயணத்துக்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. எல்லா ரயில்களும் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. நிறுத்தம் பார்த்தே டிக்கெட் எடுக்கவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. நீர்வரத்து மிகுந்தால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். பெருமழையில் மண் சரிந்தால் ரயில் தாமதமாகவோ ரத்தாகவோ வாய்ப்புண்டு. காட்டுப்பாதையில் அட்டை கடிக்கும். உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வரும் வெளியூர் உறவினர்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு நாள் தள்ளி இந்த ரயிலில் ஏறலாம். குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் மலைப்பாதையிலும் மழை நிச்சயம்.