மலாக்காவில் பால்மரம்: ஒரு புதுமை பரவிய வரலாறு

புதிய தொழில்நுட்பம் ஒன்றை எல்லாரும் ஒரே காலத்தில் ஏற்பதில்லை. துணிந்து முயல்வோர் முதலில் வருவர். பயனைக் கண்கூடாகக் கண்ட பின்னரே பெரும்பாலோர் வருவர். இறுதிவரை ஐயுறுவோரும் உளர். அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் வெளியிட்ட நூலில் இவ்வகைப்பாட்டை விளக்கினார். அதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னரே மலாக்காவில் பால்மரம் இவ்வழியில் பரவியிருந்தது.

1877-இல் சிங்கப்பூரை வந்தடைந்த 22 இரப்பர்க் கன்றுகளும் அவற்றின் வழிவந்த மரங்களும் ஏறத்தாழ இருபதாண்டுகள் பெரும்பாலோர் கவனத்தை ஈர்க்கவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் (நம்மவர் வழக்கில் பூமலை) பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, தோட்ட முதலாளிகளிடம் விதைகளைக் கொடுத்து நடுமாறு வேண்டினார். அவர்களோ காப்பியை நம்பியிருந்தனர். அவரைக் 'கிறுக்கு ரிட்லி' என்று எள்ளினர். மரம் கைவசம் இருந்தும், அதற்குக் கேடின்றிப் பாலெடுக்கும் முறை அன்று இல்லை. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்தியே பாலெடுத்தனர். ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். மரமும் பிழைத்தது, பாலும் பெருகியது. விதையைவிட இவ்வெட்டுமுறையே இரப்பரை ஒரு முழுமையான விளைபொருளாக ஆக்கியது எனலாம்.

மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் அதனை விரிவாக்கினார். பால் தருவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க அவரிடம் நிலமும் முதலும் இருந்தன. காப்பி விலை சரிந்து, மோட்டார் வண்டிகளின் டயர்த் தேவை பெருகியபோது, எள்ளியவர்களும் பின்தொடர்ந்தனர்.

சிறுதோட்டக்காரரின் நிலை வேறு. பழைய மரங்களை அழித்து உயர்விளைச்சல் ஒட்டுக்கன்றுகளை நட்டால், அவை பால் தரும்வரை அடுப்பெரிவது எவ்வாறு? அவர்தம் தயக்கத்தை அறியாமை எனக் கொள்வது தவறு. 1952-இல் ஏற்படுத்தப்பட்ட மறுநடவு நிதியின் உதவித்தொகை கிடைத்த பின்னரே பலர் துணிந்தனர்.

இவ்வகைப்பாட்டில் இடம்பெறாதவர் ஒருவர் உண்டு. வைகறையில் நிரையில் நின்று, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் நூலளவு பட்டையைச் சீவிய தமிழ்த் தொழிலாளியே அவர். ரிட்லியின் முறை தோட்டங்களில் நாள்தோறும் இயங்கியது ஆண் பெண் இருபாலாரின் கைத்திறத்தால்தான். எனினும் மரத்தை ஏற்பதா என அவரை எவரும் வினவியதில்லை. 1960-களிலிருந்து தோட்ட நிருவாகங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கியபோதும் வினவவில்லை. செம்பனைக்குத் தேவைப்பட்டவை சீவுளியும் நீண்ட கழியில் பூட்டிய அரிவாளும். பால்வெட்டுக் கத்தி பழகிய கைக்கு அங்கு வேலை இல்லை.