எண் ஒன்று, லென்ஸ் ஆறு

வேடந்தாங்கலுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் அண்ணன் மகன் அந்த லென்ஸை வாங்கினான். நிக்கான் 70-300. பழசுதான், ஆனால் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. விலையோ அடிமாட்டு விலை. ஏரிக்கரையில் நின்று நத்தைக்குத்தி நாரையைக் குறிவைத்து பட்டனை அழுத்தினால், லென்ஸ் அசையவே இல்லை. விற்றவருக்கு போன் போட்டான். "ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்தான் தம்பி, நான் பொய் சொல்லலையே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பையனிடம் இருந்தது டி5300. அந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. வாங்கிய லென்ஸுக்குள்ளும் கிடையாது. பிறகு யார் சுழற்றுவது?

நிக்கான் தன் எஃப் மவுண்ட்டை 1959இல் கொண்டுவந்தது. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் கடைசிவரை அதை மாற்றவில்லை. அதனால் எந்தக் காலத்து லென்ஸும் ஏறக்குறைய எந்த பாடியிலும் 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு வேலை செய்யுமா என்பதில்தான் வில்லங்கம். 1998க்கும் 2017க்கும் இடையில் 70-300 என்ற ஒரே எண்ணோடு ஆறு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் வந்திருக்கின்றன. விளம்பரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் 'நிக்கான் 70-300, நல்ல கண்டிஷன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

70-300ஐ விட்டுவிட்டு அதை அடுத்து வரும் எஃப் எண்ணைப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். 4-5.6 என்று இருந்தால் மோட்டார் இல்லாத பழைய இரண்டில் ஒன்று. அப்பர்ச்சர் வளையம் இருந்தால் 1998இன் 'டி'. வளையம் இல்லாமல் மொட்டையாக இருந்தால் 2000இல் வந்த மலிவான 'ஜி'. எங்கள் பையன் மாட்டிக்கொண்டது இந்த ஜியில்தான். 4.5-5.6 என்றால் 2006இன் ஏஎஃப்-எஸ் விஆர், அல்லது 2017இன் ஏஎஃப்-பி. 4.5-6.3 என்றால் 2016இல் வந்த, டிஎக்ஸ் எனப்படும் சிறிய சென்சார் பாடிகளுக்கான இரட்டையர்.

எழுத்து அழிந்திருந்தால் லென்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மோட்டார் இல்லாத லென்ஸின் மவுண்ட்டில், திருகாணித் தலை மாதிரி நடுவில் கோடு வெட்டிய சின்ன வட்டம் ஒன்று தெரியும். டி90, டி7200 போன்ற பாடிகளின் மவுண்ட் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முனைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனை இந்தக் கோட்டில் போய் உட்கார்ந்து திருகினால்தான் ஃபோகஸ் நகரும். டி3000, டி5000 வரிசை பாடிகளில் அந்த முனையே இல்லை. டார்ச் கூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும்.

அதற்காகப் புதிதாக வந்ததை வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்கவும் கூடாது. ஏஎஃப்-பி லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பினாலும், நகர்த்துவது உள்ளே இருக்கும் மோட்டார்தான். டி90, டி80, டி60, டி40, டி3000 பாடிகளோடு அது பேசவே பேசாது. கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. டி5300இல் வேலை செய்யும், ஆனால் முதலில் கேமராவின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்தாக வேண்டும்.

டிஎக்ஸ் இரட்டையர்தான் உண்மையில் ஏமாற்றுகிறவர்கள். இரண்டுக்கும் ஒரே உருவம், ஒரே 58 மி.மீ. ஃபில்டர். எடை 415 கிராம், 400 கிராம். கையில் தூக்கி வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. ஒன்றில் அதிர்வைக் குறைக்கும் விஆர் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டிலுமே பக்கவாட்டில் ஸ்விட்ச் கிடையாது, அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பெயரின் கடைசியில் 'விஆர்' என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்பது மட்டுமே அடையாளம். டிஎக்ஸ் பாடியில் 300 மி.மீ. என்பது 450 மி.மீ. அளவுக்குப் பறவையை இழுத்துக் காட்டும். கை நடுக்கத்தையும் அதே அளவுக்குக் காட்டும். விஆர் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன்.

டி5300 மாதிரி பாடி வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு டிஎக்ஸ் விஆருக்கு. டி40, டி90 என்று பழைய பாடி வைத்திருந்தால் 2006இன் ஏஎஃப்-எஸ் விஆர். 745 கிராம் கனம், 300இல் கொஞ்சம் மென்மையாகத்தான் தெரியும், ஆனால் ஃபோகஸ் தகராறு வராது. பையன் அந்த ஜி லென்ஸை விற்கவில்லை. கையால் ஃபோகஸ் செய்து, கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாரைகளை மட்டும் எடுக்கிறான்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் பணம் அனுப்பும் முன், முழுப் பெயர் எழுதியிருக்கும் இடத்தையும் பின்பக்க மவுண்ட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.