கன்னத்தில் படும் காற்று

காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இனி நோயைத் துரத்த முடியாது என்ற நிலையில் அங்கிருந்து வீடு திரும்பிய ஒருவர் நடுராத்திரி "மூச்சு முட்டுது" என்றால், வீட்டார் ஆக்சிஜன் சிலிண்டருக்குத்தான் அலைவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவருக்கு அது தேவைதான். குறையாதவருக்கு?

ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறையாத 239 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மூக்குக்குழாய் வழியே ஆக்சிஜன், மீதிப் பேருக்கு அதே குழாயில் சாதாரணக் காற்று. இரு தரப்புக்கும் இளைப்பு ஓரளவு தணிந்தது, வித்தியாசமே இல்லை.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 50 நோயாளிகளிடம் கையடக்க மின்விசிறியைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் முகத்தில் காற்று, ஐந்து நிமிடம் காலில் காற்று. முகத்தில் பட்டபோதுதான் மூச்சுமுட்டல் தெளிவாகக் குறைந்தது. நுரையீரலுக்குள் கூடுதலாக எதுவும் போய்விடவில்லை! கன்னம், மூக்கு, உதட்டில் பரவியிருக்கும் நரம்பு அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்கிறது. மூளையும் கொஞ்சம் ஆசுவாசம் கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மூளை கேட்கிற அளவுக்கு மார்பு விரியாதபோது எழுகிற அபாய மணிதான் மூச்சுமுட்டல். பயம் சேர்ந்தால் மூச்சு வேகமாகும், மேலோட்டமாகும். முட்டல் இன்னும் ஏறும்.

ஆகவே வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டம் விலகட்டும். ஜன்னலைத் திறந்து, விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். மேசைமேல் இரண்டு தலையணை அடுக்கி, முன்பக்கம் சாய்ந்து கைகளை அதன்மேல் வைத்தால், தோள் தசைகளும் மூச்சுக்கு உதவிக்கு வரும். சூடான பாலை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். இதையெல்லாம் அவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் அடங்காத இளைப்புக்கு மிகக் குறைந்த அளவில் மார்பின் என்ற மருந்து உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது, "மூச்சையே நிறுத்திவிடும்" என்று அஞ்சி மறுக்க வேண்டியதில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டத்தால் கிடைப்பதே அரிதாக இருந்த மருந்து. 2014 திருத்தம் வழியைக் கொஞ்சம் இலகுவாக்கியது. தொடங்கும் அன்றே மலமிளக்கியும் சேர்த்துக் கேளுங்கள். மார்பின் மலத்தைக் கட்டும். முக்கி முக்கியே பாவம், நோயாளிக்கு மறுபடி மூச்சு வாங்கும்.