கரும்பாலைக்குள்ள ஒரு மெக்கானிக்கல் வகுப்பு

கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு, அரவை சீசனில் கரும்பு வண்டிகள் போறதைப் பார்த்திருப்பீங்க. ஆலைக்குள்ளே நடப்பது பெரும்பாலும் இயந்திரப் பொறியியல்தான். கனமான உருளைகள் கரும்பை நசுக்கிச் சாறு பிழியும். மிஞ்சும் சக்கை பாய்லரில் எரிந்து நீராவி உண்டாக்கும். உயர் அழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றும். சுழற்றிவிட்டு வெளிவரும் நீராவிதான் சாற்றையும் காய்ச்சும். கரும்பைக் காய்ச்ச கரும்பே விறகு! விசை, வெப்பம், உலோகத் தேய்மானம் என மெக்கானிக்கல் மாணவர்கள் புத்தகத்தில் படிப்பதும் இதைத்தான். "மெக்கானிக்கல்னா வண்டி ரிப்பேர்தானே?" என்று இன்னமும் கேட்பவர்கள் இருக்காங்க.

பிளஸ் 2-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும். 10-ம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போனாலும் கவலை இல்லை. டிப்ளமோ முடித்து, நேரடியாக பி.இ. 2-ம் ஆண்டில் சேரலாம்.

கடைசி நேரத்தில் ஓட வைப்பது சான்றிதழ்கள்தான். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கல்வராயன் மலை மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, வருவாய் கோட்டாட்சியர்தான் தரணும். விசாரணைக்கு நாளாகும். கலந்தாய்வு அறிவிப்பு வரட்டும்னு இருக்காம, பிளஸ் 1 படிக்கும்போதே விண்ணப்பிச்சு வாங்கி வச்சுக்குங்க.