வாக்குப்பதிவு நாளின் கூலி: மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு கேள்வி

மரக்காணம் உப்பளங்களில் ஏப்ரல் உச்சப் பருவம். வெயில் ஏறுமுன் பாத்திகளில் இறங்கி, விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். தமிழ்நாட்டின் அண்மைத் தேர்தல்களும் அதே மாதத்தில்தான் நடந்தன: 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. மழை தொடங்கினால் மாதக்கணக்கில் வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஏப்ரலின் ஒரு நாள் கூலி சிறு தொகையன்று. வாக்குப்பதிவு நாளில் நாட்கூலிகளுக்கும் ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. மீறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்!

இத்தனைக்கும் நடுவில் வாக்களிப்பதும் அமைப்பாவதும் ஒருவரின் வாழ்வுக்கு நிறைவு சேர்க்கின்றனவா? பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டுட்சர் இருவரும் சுவிட்சர்லாந்தில் 6,000-க்கும் மேற்பட்டோரின் பதில்களை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நேரடி வாக்கெடுப்பு உரிமை விரிவாக உள்ள மாநிலங்களில் வாழ்வோர் கூடுதல் நிறைவுடன் இருந்தனர். நமக்கு முக்கியமானது மற்றொரு முடிவு. அதே ஊரில் வாழ்ந்து, அதே ஆட்சியின் பலன்களைப் பெற்றபோதும், வாக்குரிமையற்ற வெளிநாட்டவருக்கு அந்தக் கூடுதல் நிறைவு குறைவாகவே கிடைத்தது. ஆகவே, கிடைக்கும் பலனில் மட்டுமன்றி, முடிவெடுக்கும் இடத்தில் தாமும் ஒருவராக மதிக்கப்படுவதிலும் நிறைவு பிறக்கிறது. பிரதிநிதித்துவம் பெறுவதும் அரசுப் பதவி வகிப்பதும் குடியுரிமையின் தலையாய உரிமைகள் என்று 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் வாதிட்டதை இங்கே நினைவுகூர்கிறோம்.

மரக்காணம் அடங்கிய திண்டிவனம் சட்டமன்றத் தொகுதி, விழுப்புரம் மக்களவைத் தொகுதி இரண்டுமே தனித்தொகுதிகள். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து. ரவிக்குமார் விழுப்புரத்தில் 2019-இல் உதயசூரியன் சின்னத்திலும், 2024-இல் தம் கட்சியின் பானைச் சின்னத்திலும் வென்றார். தொகுதி அதுவே, வேட்பாளரும் அவரே. ஆயினும் சொந்தச் சின்னத்தில் வாக்களித்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் இதே மரக்காணத்தில்தான் 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவையொட்டி மூண்ட வன்முறையில் தலித் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தனித்தொகுதி ஒரு பதவியை உறுதிசெய்கிறது. கூரையை அது காப்பதில்லை. பதவியிலும் மதிப்பு தானாக வந்துவிடுவதில்லை. தெற்கே கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர். தலித் தலைவர்கள் தேசியக் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாதென 2022-இல் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

இத்தகைய இடத்தில், வாழ்வு நிறைவாக உள்ளதா என்று கேட்டு 0 முதல் 10 வரை எண் வாங்கும் ஆய்வுகளைக் கவனமாகவே படிக்க வேண்டும். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் தம் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டு நிறைவைக் காணக்கூடும் என்று அமர்த்திய சென் எச்சரித்திருக்கிறார். சங்கத்தில் சேர்ந்து, கூலியையும் குடிநீரையும் பற்றிக் கேட்கத் தொடங்கிய உப்பளப் பெண் ஒருவர் முன்பைவிடக் குறைந்த எண்ணைச் சொல்லலாம். அதை இழப்பென்று நாம் கொள்ளவில்லை. தமக்குரியது எது என்று அறிந்தவரின் கணக்கு அது.

2021 தேர்தலுக்குப் பின், வேலையற்ற மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை மாநில அரசு அறிவித்தது. நெடுநாள் கோரிக்கையின் விளைவு அது. போதுமானதா என்பது வேறு. அடுத்த கோரிக்கையைச் சேர்த்து வைக்கிறோம்: வாக்குப்பதிவு நாளில் கூலி தரப்பட்டதா என்பதைத் தொழிலாளர் துறை அலுவலர்கள் புகாருக்குக் காத்திராமல் உப்பளங்களுக்கே வந்து விசாரிக்க வேண்டும்; 500 ரூபாய் அபராதத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.