ஃபியட்டின் முன்சக்கரங்கள்
யந்திர யாத்திரை – 9

பழைய ஃபியட்டின் 1089 சி.சி. என்ஜினுக்கு மறுபடி வலுவேற்றும் முறையைச் சென்ற வாரம் விவரித்தோம். அந்த வலுவைச் சாலையில் பிரயோகிக்கும் முன்னர் அதை அடக்குவதற்கான சாதனத்தைச் செம்மை செய்வதே தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயமாதலால், இவ்வாரம் முன்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுவதைப் பற்றியே எழுதுகிறேன்.

1964 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் உற்பத்தி செய்து, பிற்காலத்தில் பத்மினி என்று பெயரிட்ட இந்த வண்டி, குடும்பங்களின் வாகனமாக மட்டும் இருந்துவிடவில்லை. சென்னைக்கு வடக்கே, உலக யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்களில், ஓடுபாதையின் நேர்நீளத்தில் எடுத்த வேகத்தையெல்லாம் திருப்பத்துக்கு முன்னால் இழந்தாக வேண்டிய ஓட்டிகள், இதன் டிரம் பிரேக்கை நம்பியே வளைந்தார்கள். இத்தாலியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 1100 ஆர் வண்டிக்கு 1966-லேயே முன்சக்கரங்களில் டிஸ்க் வந்துவிட்டது. அதற்கும் 13 ஆண்டுகள் முன்பாக, 1953-இல், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் வாகை சூடியிருந்தது. நம் நாட்டு ஃபியட்டோ நெடுங்காலம் நான்கு டிரம்களோடேயே ஓடியது.

பிரேக்கின் காரியம் வேகத்தை உஷ்ணமாக மாற்றுவது. ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனுள் சுமார் 3,47,000 ஜூல் சக்தி இருக்கிறது. வேகம் பாதியானால் சக்தி கால்பங்காகிவிடும் என்பதிலிருந்தே அதிவேகம் எத்தகைய பாரம் என்பது விளங்கும். நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், இந்தச் சக்தியில் பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்கள் ஏற்பதாகவும், அங்கே பூட்டும் இரு டிஸ்க்குகளும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒரே தடவை நிறுத்துவதில் அந்த இரும்பு ஏறக்குறைய 50 டிகிரி சூடேறும். ஆறுவதற்கு அவகாசமின்றி மீண்டும் மீண்டும் அழுத்தினால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

டிரம்மின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. மூடிய கிண்ணத்துக்குள் உஷ்ணம் அடைபட்டு, லைனிங்கின் உராய்வு குன்றி, டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போவதால், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்க, வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது. டிஸ்க்கோ காற்றில் திறந்திருக்கிறது. சூட்டில் பருத்தால், தன்னை இருபுறமும் கவ்வும் பேடை நோக்கியே பருக்கிறது. ஏரிக் கலங்கல் வழிந்தோடும் சாலையைக் கடந்த பிறகும் விரைவில் ஈரம் உதறிப் பிடிக்கிறது.

ஆயினும் டிஸ்க்கையும், பேடை அழுத்தும் கேலிப்பரையும் வாங்கி, லேத் பட்டறையில் ஒரு பிராக்கெட் கடைந்து முடுக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது அபாயம். டிரம்மின் சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்கித் தரும் உபகாரம் டிஸ்க்கில் கிடையாது. ஆகவே கால் அதிகம் அழுத்தவேண்டியிருக்கும், அதற்கு என்ஜினின் வாக்குவத்தால் இயங்கும் பூஸ்டர் வேண்டும். கேலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக பிரேக் ஆயில் தேவையாதலால் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்ற அளவில் இருக்கவேண்டும். மாற்றுகிறபோதே, ஒரு பக்கம் குழாய் வெடித்தாலும் மறுபக்கம் பிடிக்கக்கூடிய இரட்டை அறைச் சிலிண்டராகப் பூட்டுவது உத்தமம். டிரம்முக்கென்று செய்த சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை முன்பக்க வழியிலிருந்து நீக்காவிட்டால் பேட் ஓயாமல் உரசித் தீய்ந்துவிடும். வெடிப்புவிட்ட பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் அன்றே விடைகொடுக்கவேண்டும். ஆயில் விஷயத்திலும் அலட்சியம் ஆகாது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும்.

எங்கள் வந்தவாசிச் சுற்றுவட்டாரத்தில் ஓட்டுபவர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது பின்சக்கரத்தை. முன்பக்கம் பலமாகப் பிடிக்கப் பிடிக்க எடை முன்னே சாய்ந்து பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. பூஸ்டரின் பலமும் அங்கே சேர்ந்தால், டிரம் சக்கரத்தைப் பூட்டிவிடும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருக்க, எதிரே கோரைப் பாய்க் கட்டுகளை ஏற்றிய வண்டி வர, பதறிப்போய் அழுத்துகிறவரின் வண்டி அந்த நெல்மணிகளின்மேல் வால் திரும்பிச் சுழல்வதற்கு இதுவே ஹேது. ஆகையால் பின்பக்க அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பூட்டி, அதை ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சோதித்து, முன்சக்கரமே முதலில் பூட்டும்படி அமைத்துக்கொள்ளவேண்டும்.

இந்தச் சாமான்களுக்காகக் கடல் கடந்து கையேந்தும் நிலையில் நாம் இல்லை. 1962-இல் ஸ்தாபிதமான பிரேக்ஸ் இந்தியா கம்பெனி சென்னை பாடியில் தொழில் நடத்துகிறது. வந்தவாசியைப் போலவே பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த சோளிங்கரில் அதன் இரும்பு வார்ப்பாலை இருக்கிறது. காயலான் கடை டிஸ்க்கை வாங்கத்தான் வேண்டுமென்றால், அதன் விளிம்பிலோ நடுவிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தை அளந்து பார்த்து, அதற்குக் கீழே தேய்ந்ததை வேண்டாமென்று தள்ளுங்கள். பழைய லைனிங் தூசியில் கல்நார் இருக்கக்கூடுமாகையால், பட்டறைப் பையன்கள் அதைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நுரையீரல் நம் வண்டியைவிட விலை உயர்ந்தது.

இவ்வளவுக்கும் பணமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதி மாற்றிய டிஸ்க்கைக் காட்டிலும், உட்புறம் வட்டமாகக் கடைந்து, புது லைனிங் ஒட்டி, ஷூவைச் சரியாக நெருக்கி, ஏர் எடுத்த டிரம்மே க்ஷேமம். அப்படி வைத்துக்கொண்டவர்கள் என்ஜினுக்குக் கூடுதல் வலுவேற்றும் ஆசையை மட்டும் ஒத்திப்போடுங்கள். வீட்டில் உள்ளவர்களும் தெருவில் நடப்பவர்களும் நம்மை நம்பியிருக்கிறார்கள். பேடைப் பக்குவப்படுத்தும் முறையையும், வண்டியின் எடையைத் தாங்கும் டயரின் தேர்வையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)