பழைய கூரையில் கைவைக்குமுன் அறிய வேண்டியவை

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் வீடு திருத்தும் வேலைகள் ஓய்ந்தபாடில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நீண்ட காலம் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களும், போரினால் மடுவுக்கும் தமிழகத்து முகாம்களுக்கும் சிதறிப்போன தமிழ் மக்களும், 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் படிப்படியாகத் தமது காணிகளுக்குத் திரும்பினர். அவர்களில் பலருக்கு எஞ்சியிருந்தவை வெடித்த சுவர்களும் உடைந்த கூரையுமே. இருப்பதைக் கழற்றி, பயன்படக்கூடியதைப் பொறுக்கி, மிகுதியை எறிந்துவிட்டுத்தான் வாழ்க்கையை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வேலையில் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்து உண்டு. பழைய அஸ்பெஸ்டோஸ் கூரைத் தகடுகளையும், அறைகளுக்குள் உட்கூரையாக அடிக்கப்பட்ட தட்டைத் தகடுகளையும் உடைக்கும்போது எழும் தூசியே அது.

எமது மக்கள் அஸ்பெஸ்டோஸை நாடியதில் வியப்பில்லை. கிடுகு சில ஆண்டுகளில் உக்கிப்போகும். தீ பற்றினால் நொடியில் எரிந்துவிடும். தகரம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஓட்டுக்கோ வலுவான மரங்களும் கூடுதலான பணமும் தேவை. இவற்றோடு ஒப்பிடுகையில் அஸ்பெஸ்டோஸ் தகடு மலிவானது, துருப்பிடிக்காது, எரியாது. ஆகவே அதனை வாங்கியவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அந்தத் தகட்டுக்குள் என்ன இருக்கின்றது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அஸ்பெஸ்டோஸ் என்பது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு நார்க்கனிமம். தமிழில் இதனைக் கல்நார் என்பர். கூரைத் தகட்டின் பெரும்பகுதி சீமெந்து. அதற்கு வலுவூட்டவே, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் கலக்கப்படுகின்றது. தகடு முழுமையாக இருக்கும்வரை சீமெந்து அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கும். வெட்டும்போதும், துளையிடும்போதும், உரஞ்சும்போதும், உடைக்கும்போதும் அவை விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்து மேற்பரப்பு அரிக்கப்பட்ட தகட்டில் நார்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

இந்த நார்கள் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியவை. கண்ணுக்குத் தெரியா, மணமும் இல்லை. மூச்சோடு சுவாசப்பையின் ஆழத்துக்குச் சென்றால் உடலால் அவற்றை எளிதில் கரைக்கவோ வெளியேற்றவோ முடியாது. சுவாசப்பை இறுகிப்போகும் அஸ்பெஸ்டோசிஸ், சுவாசப்பைப் புற்றுநோய், சுவாசப்பையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கும் மீசோதெலியோமா எனும் கொடிய புற்றுநோய் ஆகியன இதனால் ஏற்படுகின்றன. நீலம், பழுப்பு, வெள்ளை என எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. புகைபிடிப்பவருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்து மேலும் பன்மடங்காகும்.

நோய் உடனே வெளிப்படாததால்தான் எச்சரிக்கை எடுபடுவதில்லை. தூசியைச் சுவாசித்து 20 முதல் 40 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல் கழிந்த பின்னரே நோய் தலைகாட்டும். இன்று கூரையில் ஏறி நிற்கும் இளைஞர் முதுமையில் மூச்சுத் திணறும்போது, அந்தப் பழைய வேலையை நினைவுகூர எவரும் இருக்கமாட்டார்கள். ஒரு நாள் தூசி பட்டதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆபத்து, சுவாசித்த அளவையும் காலத்தையும் பொறுத்தே கூடுகின்றது. ஆகவே, நாளாந்தம் தகடு வெட்டும் மேசன்மாரும் ஓடாவிமாருமே முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள். அவர்களது தூசி படிந்த சாரத்தையும் சேட்டையும் உதறித் துவைக்கும் பெண்கள் அடுத்தவர்கள். ஜப்பானின் அமகசாகி நகரில், கல்நார் பயன்படுத்திய பழைய தொழிற்சாலையொன்றின் அயலில் வசித்தவர்களுக்கும் மீசோதெலியோமா ஏற்பட்டிருந்தமை 2005இல் அம்பலமாகி அந்நாட்டையே உலுக்கியது. தொழிற்சாலைக்குள் காலடி வைக்காதவர்களும் அவர்களுள் அடங்குவர்.

அப்படியாயின் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, நல்ல நிலையிலுள்ள கூரையைப் பயத்தினால் கழற்ற வேண்டியதில்லை. உடையாத தகட்டை உரஞ்சாமலும் துளையிடாமலும் விட்டுவைப்பதே பாதுகாப்பானது. திருத்த வேலை தவிர்க்க முடியாததாயின், கைவைக்குமுன் அது கல்நார்தானா என்று அறிய வேண்டும். பழைய அலைவடிவச் சீமெந்துத் தகடாயின் கல்நார் உண்டென்றே கொண்டு நடப்பது நல்லது. சோதனைச் செலவும் மிச்சம். ஐயம் எழுவது பெரும்பாலும் உட்கூரைத் தகடுகளிலேயே. அவை கல்நார்ச் சீமெந்தாகவும் இருக்கலாம். ஒட்டுப்பலகையாகவோ ஜிப்சமாகவோ கல்நார் கலவாத புதிய சீமெந்துத் தகடாகவோ இருக்கலாம். வர்ணம் பூசியபின் அனுபவமுள்ள கண்ணும் ஏமாறும். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே உறுதியாகச் சொல்லலாம்.

மாதிரியைப் பயிற்சி பெற்ற ஒருவர் எடுப்பதே சிறந்தது. எடுப்பவர் மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கீழே பொலித்தீன் விரித்து, சவர்க்கார நீர் தெளித்து நனைத்த பின்னரே ஒரு சிறு துண்டை எடுக்க வேண்டும். அதனை இரண்டு பைகளில் இட்டு மூடி, எந்த அறையில் எடுத்தது என்று எழுதி, எடுத்த இடத்தை நாடாவினால் ஒட்டிவிட வேண்டும். ஓர் அறையின் முடிவு அடுத்த அறைக்குப் பொருந்தாது. ஒரே வீட்டில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தகடுகள் அடிக்கப்பட்டிருக்கலாம்.

சோதிக்க வசதியில்லையெனில், கல்நார் இருக்கின்றது என்றே கருதி வேலை செய்ய வேண்டும். தகடுகளை நீரால் நனைத்து, ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். மேலிருந்து எறியலாகாது, கிரைண்டரைக் கிட்டவும் கொண்டுவரலாகாது. சிந்திய துகள்களை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்தில் கட்டும் துணியோ சாதாரண மருத்துவ முகக்கவசமோ போதாது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். பழைய தகட்டின் மீது கால் வைக்கவே கூடாது. தகடு உடைந்து விழுந்து உயிரிழப்பதற்கு 20 ஆண்டுகள் தேவையில்லை.

வெளிநாடுகளிலுள்ள எமது உறவினருக்கும் இது புதிய விடயமன்று. பிரிட்டனில் பல பழைய வீடுகளின் உட்கூரையில் பூசப்பட்ட சொரசொரப்பான பூச்சிலும், கனடாவின் பழைய வீடுகளில் காணப்படும் 'பொப்கோர்ன்' பூச்சிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதனால், உரஞ்சுமுன் சோதிக்குமாறு அங்கு அறிவுறுத்தப்படுகின்றது. பிரிட்டன் 1999இலும் அவுஸ்திரேலியா 2003இன் இறுதியிலும் கல்நாரை முற்றாகத் தடைசெய்தன. ஒரு காலத்தில் உலகுக்கே கல்நார் ஏற்றுமதி செய்த கனடாவும் 2018இல் தடைசெய்தது.

இலங்கையின் கதை வேறு. நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. எஞ்சிய வெள்ளைக் கல்நாரை 2018 முதல் கட்டுப்படுத்தி, பின்னர் முற்றாக நிறுத்தப்போவதாக மைத்திரிபால சிறிசேன அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை எமக்கு விற்கும் பிரதான நாடும் ரஷ்யாவே. சில நாட்களில் அரசு கல்நார்த் தடையைக் கைவிட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. தேயிலையை நம்பி வாழும் மலையகத் தொழிலாளரின் சோற்றையும் கூரைக்குக் கீழ் வாழ்வோரின் மூச்சையும் ஒரே தராசில் நிறுக்கும் நிலை சிறிய நாடுகளுக்கு ஏற்படுவது வேதனைக்குரியது.

கொழும்பின் முடிவுக்காகக் காத்திராமல் மன்னாரிலேயே செய்யக்கூடியவை உள்ளன. கழற்றிய தகடுகளை ஒழுங்கைக் குழிகளில் கொட்டுவதும், கடலிலும் களப்பிலும் வீசுவதும், எரிப்பதும் நிறுத்தப்பட வேண்டும். நொறுங்கிய துண்டுகள் வாகனச் சில்லுகளில் அரைபட்டு மீண்டும் தூசியாகின்றன. தீயினாலும் நார் அழிவதில்லை. மன்னார் நகர சபையும், மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்குப் பிரதேச சபைகளும் இவற்றைப் பொதிசெய்து ஆழப் புதைப்பதற்கென இடமொன்றை, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் ஆலோசனையுடன் ஒதுக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மேசன்மாரையும் ஓடாவிமாரையும் அழைத்து விளக்க வேண்டும். வீட்டுத்திட்ட உதவி வழங்குவோர், பழைய கூரையைப் பாதுகாப்பாக அகற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பங்குச் சபைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இச்செய்தியை வீடு வீடாகக் கொண்டுசெல்ல முடியும்.

இழந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர்கள், தமது பிள்ளைகளுக்கென்றே வீட்டைத் திருத்துகின்றனர். அந்தப் பிள்ளைகளின் சுவாசப்பையில் அவ்வீட்டின் தூசி தங்கிவிடாமல் பார்ப்பதும் அத்திருத்த வேலையின் ஓர் அங்கமே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.